சாயங்கால டீக்கு எதை வாங்குவது: டீக்கடை பன்னா, பாக்கெட் பன்னா, ரஸ்க்கா, ஸ்கோனா?

வளசரவாக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "வீட்டில் ஐந்து பேர். தினமும் சாயங்காலம் டீயோடு ஏதாவது வேண்டும். டீக்கடை பன், பேக்கரி பன், சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் பாக்கெட் பன், ரஸ்க் எல்லாம் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தாயிற்று. ருசி, பதம், கொடுக்கிற காசு மூன்றையும் வைத்துப் பார்த்தால் எது தேறும்? மாமியாருக்குப் பல்செட், கடிக்கிற மாதிரி எதுவும் ஆகாது. அப்புறம், காபி ஷாப்பில் ஸ்கோன் என்று வைத்திருக்கிறார்களே, அந்த விலைக்கு அதில் என்னதான் இருக்கிறது?"

பேக்கரிகளுக்கு மைதா, ஈஸ்ட், மார்ஜரின் (வெண்ணெய்க்குப் பதில் போடும் தாவரக் கொழுப்பு) சப்ளை செய்யும் தொழிலில் சில வருஷம் இருந்தேன். கடையின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிகம் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சுட்ட பன் கிடைத்தால் ருசியில் வேறு எதுவும் கிட்டே வராது. அதே பன் மறுநாள் ஆகிவிட்டால் பாக்கெட் பன்னே தேவலை. காசுக்குக் கனம் பார்த்தால் ரஸ்க். எந்தக் கடை என்று தேடுவதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியை, அந்தக் கடையில் எத்தனை மணிக்கு டிரே வெளியே வருகிறது என்று தெரிந்துகொள்வதில் காட்டினால் போதும்.

விலையிலிருந்து தொடங்கலாம், அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். பன்னை எண்ணிக்கைக்கு வாங்குகிறோம், ரஸ்க்கைப் பாக்கெட்டுக்கு வாங்குகிறோம், பட்டர் பிஸ்கட்டைக் கிராமுக்கு வாங்குகிறோம். மூன்றையும் ஒரே தராசில் வைத்தால்தான் கதை தெரியும். உதாரணத்துக்கு, 10 ரூபாய் பன் 50 கிராம் இருந்தால் கிலோ 200 ரூபாய். அதே 10 ரூபாய்க்கு 40 கிராம்தான் இருந்தால் கிலோ 250. மேலே தளதளவென்று உப்பி இருக்கும் பன் பல சமயம் இந்த 40 கிராம் ரகம்தான். ஈஸ்ட் தாராளமாகப் போட்டு, மாவைக் கூடுதல் நேரம் பொங்கவிட்டால் காற்று நிறைந்து பெரிதாகத் தெரியும். வீட்டில் சின்ன தராசு இருந்தால் ஒரே ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். பாக்கெட்டில் இந்தச் சிரமம் இல்லை, எம்ஆர்பி பக்கத்திலேயே ஒரு கிராம் என்ன விலை என்று பலவற்றில் அச்சடித்திருக்கிறது. எழுத்து எறும்பு சைஸில் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

எடையிலும் ஒரு உள்கணக்கு உண்டு. பன்னில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். ரஸ்க் என்பது ரொட்டியைச் சுட்டு, துண்டு போட்டு, மறுபடி ஓவனில் காயவைத்தது. அதில் ஈரம் மிகக் குறைவு. ஆகவே பன்னும் ரஸ்க்கும் கிலோ 200 ரூபாய் என்றால், பன்னில் தண்ணீர் போக மிஞ்சும் பொருளுக்குக் கிலோ 300 ரூபாய் கொடுக்கிறோம். ரஸ்க்கில் அது 210 பக்கம்தான். இதனால் பன் ஏமாற்று என்று அர்த்தமில்லை. அந்த ஈரம்தான் மெதுமெதுப்பு, அதற்குத்தான் காசு. ஆனால் ஐந்து பேர் வீட்டில் தினமும் என்றால் இந்த வித்தியாசம் மாசக் கடைசியில் தெரியும்.

சரி, பன்னுக்கு வருவோம். டீக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பன்னை அந்த டீக்கடைக்காரர் சுடுவதில்லை. ஏரியாவில் எங்காவது ஒரு சந்தில் மொத்தமாகச் சுட்டுப் போடும் சின்ன பேக்கரி இருக்கும். அங்கே ராத்திரி மாவு பிசைந்து விடிகாலையில் சுட்டு, வெளிச்சம் வருவதற்குள் வண்டியில் கடை கடையாகப் போட்டுவிடுவார்கள். காலை ஏழு மணிக்கு அந்தப் பன் அருமை. சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கள் வாங்கும்போது அதற்குப் பன்னிரண்டு மணி நேர வயசு. அதனால்தான் டீக்கடையில் பன்னைச் சும்மா கொடுக்காமல் குறுக்கே கீறி, வெண்ணெய் தடவி, தோசைக்கல்லிலோ தவாவிலோ ஒரு புரட்டு புரட்டிக் கொடுக்கிறார்கள். அது ருசிக்காக மட்டும் செய்வது அல்ல, பழைய பன்னுக்கு உயிர் கொடுக்கும் வேலையும் அதில் இருக்கிறது.

இந்த உயிர் கொடுக்கும் சமாசாரத்தைக் கொஞ்சம் விளக்கினால் பன் விஷயத்தில் பாதி தெளிந்துவிடும். பன் காய்ந்துபோவதால் கெட்டியாகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நன்றாகக் கட்டிவைத்த பன்னும் மறுநாள் கெட்டியாகிறதே, ஏன்? மாவிலுள்ள ஸ்டார்ச் சூட்டில் தண்ணீரை வாங்கிக் குழைகிறது. ஆறியபிறகு அது மெல்ல மெல்லத் திரும்ப இறுகிப் படிகமாகிறது. அந்த இறுக்கம்தான் நாம் நாக்கில் உணரும் பழசு. இந்த இறுக்கம் ஃப்ரிட்ஜ் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். வெளியே வைத்த பன்னைவிட ஃப்ரிட்ஜில் வைத்த பன் சீக்கிரம் வறட்டுப் பன் ஆவது இதனால்தான். மறுபடி 60 டிகிரிக்கு மேல் சூடு காட்டினால் அந்த இறுக்கம் தளர்ந்து பன் மெத்தென்று ஆகும். ஆனால் ஆறினால் முன்னைவிட மோசமாக இறுகும். எனவே சூடு காட்டினால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

ஃப்ரிட்ஜில் வைக்காவிட்டால் சென்னை வெக்கைக்கும் ஈரக் காற்றுக்கும் மூன்றாம் நாள் பச்சையாகப் பூஞ்சை பிடிக்கும். அதிகம் வாங்கிவிட்டால் வழி ஒன்றுதான்: வாங்கிய அன்றே கவரில் காற்று போகாமல் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். உறைந்த நிலையில் அந்த இறுக்கம் அநேகமாக நின்றுவிடும். வேண்டும்போது எடுத்து, தவாவில் சின்னத் தீயில் வைத்து, ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடினால் மூன்று நாலு நிமிஷத்தில் தயார். இட்லிப் பானையில் வைக்கலாம் என்பார்கள். வைக்கலாம், ஆனால் அடிப்பாகம் சொதசொதவென்று ஆகிவிடும், எனக்குப் பிடிக்காது.

பேக்கரியில் வாங்கும்போது எதைப் பார்ப்பது? மேல்பளபளப்பைப் பார்க்காதீர்கள். அது முட்டை தடவியதாலோ பால் தடவியதாலோ சர்க்கரைப் பாகு தடவியதாலோ வருவது. பன்னைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். சீரான பொன்னிறமாக இருந்தால் சரியாக வெந்திருக்கிறது. வெளுத்துப் போயிருந்தால் உள்ளே பிசுபிசுக்கும். கட்டைவிரலால் பக்கவாட்டில் லேசாக அமுக்கினால் குழி மெதுவாக நிரம்பி மேலே வர வேண்டும். குழி அப்படியே நின்றால் அது நேற்றையது, அல்லது மாவு அளவுக்கு மீறிப் பொங்கியது. கடைக்காரர் முறைப்பார், ஒரு பன் வாங்கிக்கொண்டே சோதிப்பது நல்லது. பிய்க்கும்போது நல்ல பன் நார் நாராகப் பிரியும்; மோசமான பன் தூள் தூளாக உதிரும், அல்லது கேக் மாதிரி மொண்ணையாக உடையும். வாயில் போட்டு மெல்லும்போது உருண்டையாகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் வேக்காடு போதவில்லை. மூக்குக்கிட்டே கொண்டுபோனால் லேசான ஈஸ்ட் வாசனையும் பால் வாசனையும் வரலாம், கள் மாதிரி புளித்த வாடை வரக் கூடாது.

டீயில் தோய்க்கிற சோதனைதான் எனக்குக் கடைசித் தீர்ப்பு. நல்ல பன்னைத் தோய்த்தால் டீயைக் குடித்துக் கனக்கும், ஆனால் விரலிலிருந்து நழுவாது. காற்றடைத்த பன் அரை நொடியில் பிய்ந்து கிளாஸுக்குள் போய்விடும். பிறகு ஸ்பூனால் தேட வேண்டியதுதான்.

நேரம் என்று சொன்னேன் அல்லவா. சொந்தமாக ஓவன் வைத்திருக்கும் ஏரியா பேக்கரிகளில் காலையில் ஒரு முறையும், பள்ளி விடும் நேரத்தை ஒட்டி மூன்று நாலு மணிக்கு ஒரு முறையும் சுடுவது பொதுவான வழக்கம். உங்கள் பக்கத்துக் கடையில் "சூடா பன் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். அந்த நேரத்துக்குப் போங்கள். ஓவன் இல்லாமல் வேறெங்கோ இருந்து டிரே வரவழைக்கும் கிளைக் கடை என்றால் அலங்காரம் எவ்வளவு இருந்தாலும் பன்னுக்காக அங்கே போக வேண்டியதில்லை, கேக் வாங்கலாம். வாங்கிய சூட்டோடு பாலிதீன் கவரில் போட்டுக் கட்டிவிடாதீர்கள், ஆவி உள்ளேயே தங்கி மேல்தோல் தொளதொளத்துவிடும். காகிதக் கவர் கேளுங்கள்.

இந்த ஊரில் பேக்கரி புதிதல்ல. பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டு ஸ்மித் ஃபீல்ட் 1885-இல் தொடங்கியது, மெக்ரெனெட் 1903-இல். வெள்ளைக்காரர்களுக்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கும் சுட்டுப் பழகிய கைகள்தான் பிறகு ஊருக்கெல்லாம் பன் கொடுத்தன. வேப்பேரி, பெரம்பூர், பரங்கிமலைப் பக்கம் புனித வெள்ளி சமயத்தில் போனால் மேலே சிலுவைக் கோடு போட்ட, உலர்திராட்சையும் பட்டை வாசனையும் உள்ள பன் கிடைக்கும். நாம் தினமும் தின்னும் பன்னுக்கு அது பெரியப்பா.

பாக்கெட் பன்னுக்கு வருவோம். இதைக் கேவலமாகப் பேசுவது ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தக் கோபம் இல்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மெத்தென்று இருக்கிறது, எடை சொன்னபடி இருக்கிறது, உள்ளே என்ன போட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. பேக்கரி பன்னில் இந்த மூன்றும் இல்லை. ருசியில்தான் தோற்கும்: எல்லா பாக்கெட் பன்னிலும் ஒரே மாதிரி ஒரு தித்திப்பு, ஒரே மாதிரி ஒரு மென்மை, ஈஸ்ட் வாசனை கிட்டத்தட்டக் கிடையாது. பாக்கெட்டைப் பிரித்தவுடன் மூக்கில் லேசாகப் புளித்த, சீஸ் மாதிரி ஒரு வாடை அடித்தால் அது கால்சியம் புரோப்பியோனேட். லேபிளில் 282 என்று இருக்கும். பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுவது. அனுமதிக்கப்பட்டது, பயப்பட வேண்டியதில்லை. தட்டில் பத்து நிமிஷம் வைத்துவிட்டுச் சூடு காட்டினால் வாடையும் பெருமளவு போய்விடும். 471, 481 என்பவை மாவையும் கொழுப்பையும் சேர்த்துப் பிடித்து மென்மையைக் காப்பவை. 1100 என்பது அமைலேஸ் என்ற என்சைம். நான் மேலே சொன்ன ஸ்டார்ச் இறுக்கத்தைத் தள்ளிப்போடுவது இதுதான். முன்பு ரொட்டி உப்புவதற்குப் போட்டுவந்த பொட்டாசியம் புரோமேட்டை மட்டும் 2016-லேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள்.

லேபிளில் நீங்கள் பார்க்க வேண்டியது எண்களைவிட வரிசையை. எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. "மில்க் பன்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பொருட்கள் பட்டியலில் மைதா, சர்க்கரை, எண்ணெய், ஈஸ்ட், உப்பு எல்லாம் தாண்டிக் கடைசிக்கு முன்னால் பால் பவுடர் எட்டிப் பார்க்கும். "கோதுமை பன்" என்பதிலும் இதே கதை நடக்கும். முதல் பொருள் மைதாவாக இருந்து, பின்னால் 150 என்ற கேரமல் நிறம் இருந்தால் அந்தப் பழுப்பு நிறம் கோதுமைத் தவிட்டால் மட்டும் வந்ததில்லை என்று புரிந்துகொள்ளலாம். கோதுமை எத்தனை சதவீதம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள், அந்த எண்ணுக்குத்தான் கூடுதல் காசு கொடுக்க வேண்டும். முட்டை சாப்பிடாதவர்கள் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்கலாம், பேக்கரியில் என்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அப்புறம், அலமாரியில் முன்னால் இருக்கும் பாக்கெட்டை எடுக்காதீர்கள். பழசை முன்னால் தள்ளி வைப்பதுதான் கடைக்காரர் வழக்கம். கையை உள்ளே விட்டுத் தேதி பார்த்து எடுங்கள், இதில் கூச்சம் எதற்கு?

பன் பட்டர் ஜாம், கிரீம் பன் பற்றிக் கேள்வியில் இல்லை, ஆனால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது தானாக வந்துவிடும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மே மாதத்து மத்தியானம், ஏசி இல்லாத கடை, கண்ணாடி அலமாரிக்குள் வெயில். அங்கே கிரீம் பன்னுக்குள் வெள்ளை வெளேரென்று அலை அலையாக நிமிர்ந்து நிற்கிறதே, அது வெண்ணெயாகவோ பால் கிரீமாகவோ இருக்க வழியே இல்லை. தாவரக் கொழுப்பும் பொடித்த சர்க்கரையும் அடித்த கலவை. நாக்கில் வைத்தால் கரையாமல் மெழுகு மாதிரி ஒரு படலம் அண்ணத்தில் தங்கும், அதுவே சாட்சி. கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. முந்தைய நிலைமைக்கு இது எவ்வளவோ மேல், ஆனாலும் லேபிள் இல்லாத பண்டத்தில் நாம் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. என் வழி எளிது: சாதா பன் வாங்கி, வீட்டில் ஆவின் வெண்ணெய் தடவிக் கொடுத்துவிடுவேன். மலிவும் கூட.

இதில் வரிக் கூத்து வேறு. பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று இருந்தது. 2024 செப்டம்பரில் கோவையில் ஒரு ஓட்டல் உரிமையாளர் நிதியமைச்சர் முன்னிலையிலேயே, 'கிரீமையும் பன்னையும் தனித்தனியாகக் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம்' என்கிற ரீதியில் வாடிக்கையாளர்கள் கேட்பதாகச் சொல்லி ஊரே சிரித்தது, பிறகு அது பெரிய அரசியலும் ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட் வகையறாக்களுக்கு 5 சதவீதம் ஆகிவிட்டது. உங்கள் கடையில் கிரீம் பன் விலை இறங்கியதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் பன், தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் உள்ளே வைத்த தில்பசந்த் இரண்டும் அந்த அந்தக் கடையின் கைவண்ணம். உள்ளே இருக்கும் தேங்காய் அன்றைக்குத் துருவியதா, பாக்கெட்டில் வந்த உலர் துருவலா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரத் தேங்காய் என்றால் அன்றே தின்றுவிட வேண்டும், மறுநாள் சிக்கு வாடை வரும். சிவப்பும் பச்சையுமாக மின்னுகிற டூட்டி ஃப்ரூட்டி பழம் என்று நினைத்து யாரும் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டாம், பெரும்பாலும் அது பாகில் ஊறிய பப்பாளிக்காய். தித்திப்பு பிடிக்கும் என்றால் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுவேன்.

ரஸ்க் வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், குறுக்குவெட்டைப் பாருங்கள். துளைகள் சின்னதாகச் சீராக இருந்தால் டீயை மெதுவாக இழுத்து உடையாமல் நிற்கும். பெரிய பெரிய ஓட்டையாக இருந்தால் கடிக்கும்போது நொறுங்கி மடியெல்லாம் தூள். ஓரம் பொன்னிறம், நடு வெளுப்பு என்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, சீக்கிரம் நமத்துவிடும். ஏலக்காய் ரஸ்க்கில் பல சமயம் எசன்ஸ் வாசனைதான் தூக்கலாக இருக்கும். சாதா ரஸ்க்கும் வீட்டு ஏலக்காய் டீயும் அதைவிட நல்ல ஜோடி. சென்னைக் காற்றில் பாக்கெட்டைப் பிரித்தால் உடனே டப்பாவுக்கு மாற்ற வேண்டும். நமத்துப் போனால் தூக்கிப் போட வேண்டாம், தவாவில் சின்னத் தீயில் திருப்பித் திருப்பிச் சூடாக்கி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். பன்னுக்கு நேர் எதிர் பாருங்கள்: பன் சூட்டோடு நன்றாக இருக்கும், ரஸ்க் ஆறினபிறகுதான்.

டீக்கடை பாட்டிலில் இருக்கும் பொறை இந்தக் குடும்பத்தில் ஏழை உறவு. ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தெருநாய்க்குப் போட வாங்குகிறவர்கள்தான் இப்போது அதிகம். ஆனால் கெட்டி டீயில் நனைத்தால் அதன் லேசான உப்பும் மாவு வாசனையும் எனக்குப் பிடிக்கும். வர்க்கி வேறு ஜாதி. மாவை மடித்து மடித்து நடுவில் கொழுப்பு வைத்துச் செய்வதால் அடுக்கடுக்காகப் பிரியும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது ஊட்டி வர்க்கிக்கு. இங்கே "ஊட்டி வர்க்கி" என்று போர்டு வைத்து விற்பதெல்லாம் நீலகிரியிலிருந்து வந்ததுதானா என்பதைக் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் கனத்துக்கு நியாயம்தான், ஆனால் கொழுப்பு அதிகம், தினசரிச் சாப்பாடாக அதை வைக்க மாட்டேன்.

உங்கள் மாமியாருக்கு இவற்றில் மெத்தென்ற பன்தான் நல்லது, அதிலும் பால் பன். ரஸ்க் ஆசை அவருக்கு இருந்தால், டீயில் தோய்ப்பதைவிட சூடான பாலைக் கிண்ணத்தில் ஊற்றி அதில் ரஸ்க்கை முழுக்க ஊறவைத்துக் கரண்டியால் கொடுங்கள். உதிரும் பண்டங்கள்தான் பல்செட்டுக்குப் பெரிய தொல்லை, துகள் அடியில் புகுந்து ஈறை அறுக்கும். வர்க்கியும் தேங்காய் பிஸ்கட்டும் அவருக்கு வேண்டாம்.

வாரத்துக்கு எப்படி வாங்குவது என்றால், நான் இப்படிச் செய்வேன். பேக்கரியில் சூடாக வரும் நேரத்துக்குப் போக முடிகிற நாட்களில் தலைக்கு ஒன்று வீதம் பன், கூடுதலாக ஒன்றுகூட வாங்காமல். போக முடியாத நாட்களுக்கு வீட்டில் ஒரு பெரிய ரஸ்க் பாக்கெட். பாக்கெட் பன் பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கு மட்டும், ஏனென்றால் மத்தியானம் வரை மென்மையாக இருக்க வேண்டியது அங்கேதான். டீக்கடை பன்னைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டாம், அது நின்றுகொண்டு சாப்பிட வேண்டிய பண்டம்.

கடைசியாக ஸ்கோன். பன்னோடு அதை ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் அதில் ஈஸ்ட்டே கிடையாது. பேக்கிங் பவுடர்தான் தூக்குகிறது. குளிர்ந்த வெண்ணெயை மாவோடு விரல்நுனியால் உதிர உதிரப் பிசறி, பால் ஊற்றிச் சேர்த்து, பிசையாமல் தட்டி, வட்டமாக வெட்டி, 220 டிகிரி சூட்டில் 12 முதல் 15 நிமிஷம் சுடுவார்கள். நார் நாராகப் பிரியாது, பிரியவும் கூடாது. பக்கவாட்டில் தானாக ஒரு வெடிப்பு விழ வேண்டும், அங்கே கையால் பிரித்தால் கத்தியில்லாமல் இரண்டாக வர வேண்டும். மேலே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே ஈரமான உதிரல். நம் பேக்கரிப் பண்டத்தில் இதற்குக் கிட்டத்துச் சொந்தம் பன் அல்ல, உப்பு பிஸ்கட்டும் பட்டர் பிஸ்கட்டும்தான். அவற்றைத் தடிமனாக, பால் ஊற்றி, பாதி மென்மையாகச் செய்தால் இந்தப் பக்கம் வந்து நிற்கும்.

இங்கிலாந்தில் இது சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில் கிடைக்கும் சாதாரண டீப்பண்டம். கூடவே கிளாட்டட் கிரீமும் ஜாமும் வைப்பார்கள். கிளாட்டட் கிரீம் என்பது கிரீம் நிறைந்த பாலை மெதுவாகச் சூடாக்கி மேலே திரளும் ஏட்டை எடுப்பது. நம் வீட்டுப் பாலேட்டின் கொழுத்த வடிவம். டெவன் மாவட்டக்காரர்கள் கிரீமை முதலில் தடவி மேலே ஜாம் வைப்பார்கள், கார்ன்வால்காரர்கள் ஜாமை முதலில் தடவுவார்கள், இதற்காக இன்னமும் சண்டை போடுகிறார்கள். சென்னையில் நட்சத்திர ஓட்டல்களின் ஹை டீயிலும் சில காபி ஷாப்களிலும் கிடைக்கிறது.

விலையைப் பாருங்கள். 70 கிராம் ஸ்கோன் 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோ 2,000 ரூபாய், பன்னைப்போலப் பத்து மடங்கு. உள்ளே போகிற பொருள் என்ன? 225 கிராம் மாவு, 55 கிராம் வெண்ணெய், 25 கிராம் சர்க்கரை, 150 மில்லி பால், இரண்டரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போட்டால் எட்டு ஸ்கோன் வரும். பொருளுக்கு மொத்தமே 60 ரூபாயைச் சுற்றித்தான் ஆகும், அதில் பாதி வெண்ணெய்க்கு. மிச்சம் ஏசிக்கும் நாற்காலிக்கும் வாடகைக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை, உட்கார்ந்து பேச இடம் வேண்டுமென்றால் கொடுக்க வேண்டியதுதான்.

ஆனால் வருத்தம் ஒன்று உண்டு: ஸ்கோன் பன்னைவிடச் சீக்கிரம் கெடும். சுட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டியது, சாயங்காலத்துக்குள் உலர்ந்து தொண்டையை அடைக்கும். இங்கே பல கடைகளில் அதை நாள் முழுக்கக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, நாம் கேட்டதும் மைக்ரோவேவில் வைத்துத் தருகிறார்கள். முதல் நிமிஷம் ஆவி பறக்கும், இரண்டாவது நிமிஷம் ரப்பர். ஆர்டர் கொடுக்கும் முன் இன்றைக்குக் காலையில் சுட்டதா என்று கேளுங்கள், மைக்ரோவேவ் வேண்டாம், ஓவனிலோ டோஸ்டரிலோ சூடாக்கித் தாருங்கள் என்று சொல்லுங்கள். வெண்ணெய் போட்டதா மார்ஜரினா என்றும் கேட்கலாம். மார்ஜரின் என்றால் அந்த விலைக்குத் தலைகீழாக நின்றாலும் வாங்காதீர்கள். வீட்டில் ஓவனோ ஏர் ஃப்ரையரோ இருந்தால் மேலே சொன்ன அளவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே செய்து பாருங்கள். மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதுபோலப் பிசைந்துவிடாதீர்கள், அது ஒன்றுதான் இதில் கெடுவதற்கு இருக்கும் வழி.